எல்லாருக்கும் ஒரே சத்தம்

என் அக்கா வீட்டுக்காரர் இருபது வருஷத்துக்கு மேலாக மேடைக்குப் பின்னால் வாழ்பவர். ஊரில் எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் மைக் செட் அவருடையதுதான். இத்தனை வருஷத்தில் மைக்கில் அவர் பேசியது ஒரே ஒரு வார்த்தை. ஹலோ. அதைச் சொல்லி, மைக்கின் தலையில் விரலால் ரெண்டு தட்டு தட்டி, பேச வந்தவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். ஊரே அவரை ஹலோ என்றுதான் கூப்பிடுகிறது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பால்காரருக்கே வீடு தெரியாது. நான் மட்டும் அத்தான் என்பேன். கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

எனக்குக் கோபம் அடிக்கடி வரும். நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, "இடதுன்னா இடது பக்கம்" என்று நாள் முழுக்கக் கத்துகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? அதனால் அத்தானைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும்.

அவர் கடை ரோட்டைப் பார்த்த ஒற்றை அறை. கூரையிலிருந்து குழாய் ஸ்பீக்கர்கள் வாயைக் கீழே கவிழ்த்துத் தொங்கும். சுவரோரம் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள். உள்ளே போனால் ஈயம் பற்றவைத்த புகை வாசனை மூக்கில் ஏறும். வயரை முழங்கையில் போட்டுச் சுற்றினால் முறுக்கிக்கொள்ளும் என்று, தரையில் வளைத்து வளைத்து, ஒரு வளைவு இந்தப் பக்கம், ஒரு வளைவு அந்தப் பக்கம் என்று அடுக்குவார். வீட்டில் காய்ந்த துணியை மடிக்க ஒரு நாளும் கை கொடுத்தவர் இல்லை. அந்த வயருக்குக் கிடைத்த மரியாதையில் பாதி கிடைத்திருந்தால் என் அக்கா இன்னும் ரெண்டு சுற்று பெருத்திருப்பாள்.

எந்தத் தலைவர் எவ்வளவு உயரம், யாருக்கு மைக்கைக் கடித்துப் பேசும் பழக்கம், யார் கையை ஆட்டி ஸ்டாண்டைத் தள்ளிவிடுவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கூட்டம் முடிந்து வந்ததும் கேட்டுப் பாருங்கள்.

"அத்தான், எப்படிப் பேசினார்?"

"ரொம்பக் கிட்ட வந்துட்டார். மூச்சுவிடறது கேட்டுச்சு."

"அது இல்ல. என்ன பேசினார்?"

"அதை நான் கவனிக்கலையே."

பொய் இல்லை, நிஜமாகவே கவனித்திருக்க மாட்டார். அவர் காது சத்தத்தைக் கேட்கும், பேச்சைக் கேட்காது. அப்படி ஒரு காது.

தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரிலும் சத்தத்தைக் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு போட்டிருப்பார். என் அக்காவின் நகப்பூச்சில் போட்ட கோடு. குமிழ் அதைத் தாண்டாது. ஆளுங்கட்சியோ, எதிர்க்கட்சியோ, பத்துப் பேர் கூடிக் கொடி ஏற்றும் சங்கமோ, எல்லாருக்கும் அந்தக் கோடுவரைதான். ஒரு தடவை எங்கள் வார்டு கவுன்சிலர் கடைக்கே வந்து, அடுத்த தெருக் கூட்டம் அமுங்கிப்போகிற மாதிரி சத்தம் வேண்டும், வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்றார். அத்தான் டீ வாங்கிக் கொடுத்தார், சத்தத்தைக் கூட்டித் தரவில்லை.

அந்தக் கவுன்சிலருக்கு ஊர் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் பார்க்கலாம், குப்பை வண்டி வரவில்லை என்றாலும் பார்க்கலாம். மனுஷர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பார்த்தால் சிரிப்பார், கல்யாணத்துக்கு முன்வரிசையில் இருப்பார், சாவு வீட்டில் கடைசிவரை நிற்பார். வேலை என்று கேட்டால் மட்டும் பார்க்கலாம்.

இனி அக்கா. அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். நரம்பே தெரியாத கையிலும் விரலால் தடவிப் பார்த்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊசியை ஏற்றி எடுத்துவிடுவாள். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று பஞ்சை வைக்கும்போதுதான் எதிரில் இருப்பவருக்கு ஊசி போட்டதே தெரியும். ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நடுவில் சுரங்கப் பாதை. அத்தான் கடையிலிருந்து பார்த்தால் அதன் வாசல் தெரியும்.

அந்தச் சுரங்கப் பாதையின் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். முன்பு அங்கே ரயில்வே கேட் இருந்தது. கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் பெட்டி மாதிரி ஒரு வழி கட்டினார்கள். நல்ல வழிதான், நாலு தூறல் விழாதவரை. விழுந்தால் முழங்கால் அளவு தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும், வாரக்கணக்கில் எழுந்து போகாது. சுற்றிப் போக வேண்டுமென்றால் ஊரை ஒரு வலம் வர வேண்டும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் அப்படிச் சுற்றிப் போகும்போதுதான் வாடகைக் காரிலேயே பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளையைத் தெருவில் ‘சுத்துவழி’ என்றுதான் கொஞ்சுகிறார்கள்.

அக்கா சுற்றிப் போக மாட்டாள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிடுவாள். ஒரு மழைக்காலத்தில் பாசி வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் அடி. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு மாதத்துக்குக் கை நடுங்கியது. கை நடுங்கினால் அவள் வேலையே போச்சு. அந்த மாதம் என் அக்கா பயந்ததை நான் பார்த்தேன். அதற்கு முன் அவள் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

கை தேறியதும் கிளம்பினாள். முதலில் ரயில்வே அலுவலகம். அது மத்திய அரசு. "கட்டறதுதான் எங்க வேலைம்மா. ரோட்டுத் தண்ணி மாநில அரசு பார்க்கணும்" என்றார் அங்கிருந்த பொறியாளர். மாநில அரசின் நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனாள். "மோட்டார் வெச்சுக் கொடுத்தாச்சு. போய்ப் பாருங்க, படிக்குக் கீழே பூட்டின அறையில இருக்கு. அதை ஓட்ட ஆள் போடறது நகராட்சி" என்றார்கள். போய்ப் பார்த்தால் அறையும் இருந்தது, பூட்டும் இருந்தது, கதவிடுக்கு வழியாக மோட்டாரும் தெரிந்தது. நகராட்சிக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷி, உட்கார வைத்துப் பேசினார். "ஆள் போடவும் கரண்ட் பில் கட்டவும் மன்றத்துல தீர்மானம் வேணும். தீர்மானத்தை உங்க வார்டு கவுன்சிலர் கொண்டு வரணும். அவர் கொண்டு வந்தா ஒரே நாள் வேலை."

பார்க்கலாம் என்றார் கவுன்சிலர்.

ஆக, மூன்று அரசாங்கம் சேர்ந்து கட்டிய வழி, ஒரு மனுஷன் கையைத் தூக்காததால் தண்ணீரில் கிடந்தது. அக்கா அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "தேர்தல் வருதில்ல? நானே நிக்கறேன்" என்றாள்.

நான் கைதட்டினேன். அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான். கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. நிக்கட்டும். நல்லதுதானே."

சுயேச்சை. சின்னம் வாளி கொடுத்தார்கள். தண்ணீர் இறைக்கப் பொருத்தமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று தெருவே சிரித்தது. பிரச்சாரம் தொடங்கியதும் அக்கா கடைக்குப் போய், எல்லா வேட்பாளரையும் போல பெஞ்சில் உட்கார்ந்து செட் கேட்டாள். அத்தானும் எல்லா வேட்பாளரிடமும் சொல்வது போல வாடகையைச் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"கட்டின பொண்டாட்டிகிட்ட வாடகை வாங்கறீங்களே, நல்லா இருக்கா இது?"

"மத்தவங்ககிட்ட வாங்கிட்டு இவகிட்ட வாங்கலைன்னா, அது நல்லா இருக்குமா?"

வாங்கினார். வாங்கியதை அப்படியே வீட்டுச் செலவுக்கென்று மறுநாள் அவள் கையிலேயே கொடுத்தார். அக்கா சிரித்துவிட்டாள், நான் சிரிக்கவில்லை.

ஆனால் அவளுக்கு உறைத்தது வேறு. ஒரு நாள் கேட்டே விட்டாள். "தெருவுல உங்களைத் தெரியாதவங்க இல்ல. நீங்க நாலு வீட்டுல வந்து, இவளுக்குப் போடுங்கன்னு சொன்னா என்ன?"

அத்தான் ரொம்ப நேரம் ஒரு மைக்கின் கம்பி வலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் எல்லாருக்கும் செட்டு கட்டறவன். நான் ஒரு பக்கம் பேசிட்டா, நாளைக்கு என் மைக்கை எவன் நம்புவான்?"

"சரி" என்று சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் ‘சரி’ என்று சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். கல்யாணம் ஆனதிலிருந்து கூட இருக்கும் மனுஷருக்கு அது தெரிய வேண்டாமா? எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

பிரச்சாரத்தின் கடைசி நாள் வந்தது. சுரங்கப் பாதை வாசலில் மாலை நேரக் கூட்டம், முறைப்படி அனுமதி வாங்கியிருந்தாள். அதுவரை வீடு வீடாகப் போனவள், வார்டு முழுவதையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பேசப் போவது அன்றைக்குத்தான். பேசினால் ஜெயிக்க வழி உண்டு, பேசாவிட்டால் மோட்டார் அறையின் பூட்டு அப்படியே தொங்கும். அத்தான் மத்தியானமே வந்து குழாய்களைக் கம்பத்தில் கட்டி, வயர் இழுத்து, ஹலோ சொல்லிவிட்டார். கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. வேலை விட்டு வந்தவர்கள், காய்கறிப் பையோடு நின்றவர்கள், இஸ்திரிக் கடைக்காரர், சுத்துவழியை இடுப்பில் வைத்த எதிர்வீட்டுப் பெண்.

தொடங்கப் போகும் நேரத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். கையில் உத்தரவு. பக்கத்துத் தெருவில் பார்க்கலாமுக்காக மந்திரி பேச வருகிறார், அதனால் சுற்றுவட்டாரத்தில் வேறு ஒலிபெருக்கி கூடாது.

"எங்களுக்கு முன்னாடியே அனுமதி கொடுத்திருக்கீங்களே" என்றேன் நான், காரில் கத்துகிற அதே குரலில்.

"மேல இருந்து சொல்லியிருக்காங்கம்மா. கூட்டத்துக்குத் தடை இல்ல. பேசறதுக்கும் தடை இல்ல. செட்டுக்கு மட்டும்தான்." அவருக்கே சொல்லப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

நான் அத்தானைப் பார்த்தேன். ஒரு வார்த்தையாவது சண்டை போடுவார் என்று நினைத்தேன். மனுஷர் உத்தரவை வாங்கிப் படித்தார், திருப்பிக் கொடுத்தார், ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். அணைத்துவிட்டு வயரைச் சுற்றத் தொடங்கினார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

அக்கா நாற்காலி மேல் ஏறினாள். பேசத் தொடங்கினாள். அவள் குரல் ஊசிக்குப் பயப்படுகிறவர்களைச் சமாதானம் செய்து பழகிய குரல். முன்னால் நின்ற நாலு வரிசைக்குமேல் போகவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து மந்திரி வருகைக்கு வெளியூர் செட் வேறு அலறிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காய்கறிப் பைகள் மெல்ல நகரத் தொடங்கின.

அப்போது கூட்டத்தின் நடுவில் ஏதோ சலசலப்பு. அத்தான். மேடைக்குப் பின்னால் எப்போதும் உட்காரும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஆட்களை விலக்கியபடி வந்தார். நட்டநடுவில் போட்டு அதன்மேல் ஏறினார். அக்காவுக்கு முதுகைக் காட்டி, பின்வரிசைக்கு முகத்தைக் காட்டி நின்றார்.

"நான் இந்தத் தெருவுக்கு மருமகளா வந்தவ" என்றாள் அக்கா.

"நான் இந்தத் தெருவுக்கு மருமகளா வந்தவ" என்றார் அத்தான், அவ்வளவு பெரிய மீசையோடு.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. போன காய்கறிப் பைகள் திரும்பி வந்தன. அத்தான் சிரிக்கவில்லை. அடுத்த வரிக்குக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இப்படி ஒரு குரல் இருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தெரு அலறலைத் தாண்டிக்கொண்டு போனது. போலீஸ்காரர் உத்தரவை மறுபடி ஒரு தடவை படித்துப் பார்த்தார். வாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்கள்ல பாதிப் பேருக்கு நான் ரத்தம் எடுத்திருக்கேன்."

"உங்கள்ல பாதிப் பேருக்கு நான் ரத்தம் எடுத்திருக்கேன்."

"ஒருத்தருக்கும் வலிச்சதில்ல."

அத்தான் அதைச் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு கிழவர், "எனக்கு வலிச்சுதே ஹலோ" என்றார். மறுபடி சிரிப்பு.

அக்காவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வரியாகச் சொல்லி நிறுத்தினாள். அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள். ரயில்வேக்குப் போனதைச் சொன்னாள், நெடுஞ்சாலைக்குப் போனதைச் சொன்னாள், பூட்டிய அறையில் மோட்டாரைப் பார்த்ததைச் சொன்னாள். "மூணும் நம்ம அரசாங்கம்தான். மூணுக்கும் நாமதான் ஓட்டுப் போடறோம். மூணு கிட்டயும் கேக்கற உரிமை நமக்கு இருக்கு. அதுல நம்ம கை எட்டற தூரத்துல இருக்கறது நகராட்சி. அங்க இருந்து தொடங்குவோம்." அதற்குள் இஸ்திரிக் கடைக்காரர் தானாகவே கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி நின்று, சந்து முனையில் இருந்தவர்களுக்கு அத்தான் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கா சற்று நிறுத்தினாள். அடுத்ததை அவள் யோசித்து வைத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு வந்துவிட்டது.

"இந்தத் தேர்தல்ல ஊரே எனக்கு ஆதரவு சொல்லுச்சு. என் வீட்டுக்காரர் மட்டும் எனக்காக ஒரு வார்த்தை பேசல."

முன்வரிசை அப்படியே அமைதியானது. பின்வரிசை அத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த வரியை விழுங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். விழுங்கினால் பின்னால் யாருக்குத் தெரியப் போகிறது?

"இந்தத் தேர்தல்ல ஊரே எனக்கு ஆதரவு சொல்லுச்சு" என்றார். மூச்சை இழுத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர் மட்டும் எனக்காக ஒரு வார்த்தை பேசல." ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதான். வாளிச் சின்னத்துல போடுங்க" என்று அக்கா சட்டென்று முடித்துக்கொண்டு இறங்கினாள். அவர் அதையும் சொன்னார். சொல்லிவிட்டு அவர் இறங்கவில்லை.

"இனிமே சொல்றது அவ சொன்னதில்ல" என்றார். "நான் சொல்றது. எல்லாக் கட்சிக்கும் ஒரே சத்தம்தான் கொடுத்தேன். அதுல தப்பில்ல. ஆனா எனக்கும் ஒரு வாய் இருக்குங்கறதை மறந்துட்டேன். நடுவுல நிக்கறவனுக்கும் ஓட்டு இருக்கு. என் பொண்டாட்டி அந்தத் தண்ணில செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்து போவா. நான் கடையில உக்காந்து அதைப் பார்ப்பேன். பார்த்துட்டு வயரைச் சுத்துவேன். அவ கேக்கறது நியாயம். அவளுக்குப் போடுங்க."

இறங்கி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கைதட்டல் அவர் போன பிறகுதான் வந்தது.

அக்கா தோற்றாள். கொஞ்ச ஓட்டில்தான் தோற்றாள், ஆனால் தோற்றது தோற்றதுதான். ஓட்டு எண்ணி முடித்த மண்டபத்தின் வாசலில் நின்று நான் அழுதேன், அவள் என்னைச் சமாதானம் செய்தாள். உள்ளே ஜெயித்து மாலையோடு நின்ற பார்க்கலாமுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. தலை தப்பிய பயம் நன்றாக வேலை செய்தது. மன்றம் கூடிய முதல் நாளே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். மோட்டாருக்கு ஆள் போட்டார்கள். அடுத்த மழையில் சுரங்கப் பாதை காய்ந்து கிடந்தது. "நான் கேட்டது மோட்டாரைத்தானே, நாற்காலியையா கேட்டேன்?" என்றாள் அக்கா. ஆனால் அடுத்த தடவையும் நிற்பேன் என்கிறாள். அது நூலகத்தின் ஒழுகும் கூரைக்காக.

கட்சிக்காரர்கள் அத்தானைக் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்கள். கல்யாணம், பள்ளிக்கூட விழா என்று வண்டி ஓடுகிறது. ஒரு நாள் கடைப் பக்கம் போனபோது சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"வருத்தமா இருக்கா அத்தான்?"

"அவ தோத்ததுக்கு இருக்கு. செட்டுக்கு இல்ல." அவராகவே தொடர்ந்தார். "அன்னிக்கு ஒவ்வொரு வரியும் சொல்லிட்டு, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா, கவனிச்சியா? இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்கு செட்டு கட்டியிருக்கேன். ஒருத்தரும் எனக்காக ஒரு நொடி நிறுத்தினது இல்ல."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அன்னிக்கு மட்டுமா அத்தான்? அவ கல்யாணம் ஆனதுலேருந்து உங்க வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா."

அவர் எழுந்து கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். அக்காவுக்கு வேலை முடியும் நேரம். சுரங்கப் பாதை வழியாக அந்தப் பக்கம் நடந்து போனார்.